பத்தாம் நம்பர் ஸ்பேனர்

இருபத்திரண்டு வருஷமாக நட்டும் போல்ட்டுமாகவே பிழைக்கிறவன் நான். வில்லாபுரத்தில் பாண்டிராஜ் டூவீலர் பட்டறை என்றால் தெரியாதவர்கள் குறைவு. என் வாயைப் பற்றித் தெரியாதவர்கள் அதைவிடக் குறைவு. வண்டியை நாசம் பண்ணிக் கொண்டுவந்து நிறுத்துகிறவர் வக்கீலாக இருந்தாலும் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் போவார். அப்பேர்ப்பட்ட நான், என் மனைவியின் காலில் இருக்கும் ஒரு நட்டைத் திருகச் சொன்னபோது வேர்த்து விறுவிறுத்துப் போனேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் நான் மார்தட்டிக்கொள்ள எதுவும் இல்லை. எல்லாப் பெருமையும் முத்துமீனாவுக்குத்தான்.

மீனா தபால்காரி. பெருங்குடி, பரம்புப்பட்டி, வலையங்குளம், எலியார்பத்தி என்று நாலு ஊருக்கு ஸ்கூட்டியில் போய்த் தபால் கொடுப்பாள். அவளுடைய அம்மா மலையம்மாள் கூலிக்குக் களையெடுத்த வயல்களின் ஓரமாகவே மகளின் வண்டி போகும். அந்த வேலையில் அவளுக்கு அவ்வளவு கர்வம். மழை, வெயில் என்று ஒரு நாள் வண்டியை நிறுத்த மாட்டாள்.

போன வருஷம் தெப்பத் திருவிழாவுக்கு மறுநாள், ரிங் ரோட்டில் ஒரு மண் லாரி பின்னால் வந்து தட்டியது. வலது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கி வெளியே வந்துவிட்டது. மூன்று ஆபரேஷன் நடந்தது. சீழ் பிடித்த எலும்பை வெட்டி எடுத்தபின் பார்த்தால், நடுவில் நாலு சென்டிமீட்டருக்கு எலும்பே இல்லை.

டாக்டர் சௌந்தரராஜன் எங்களை வைத்துக்கொண்டு ஒளிவுமறைவில்லாமல் பேசினார். "ரெண்டு வழி இருக்கு. முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டா, மூணு நாலு மாசத்துல செயற்கைக் கால் வச்சு நல்லாவே நடக்கலாம். இல்லைன்னா, வளையம் மாட்டி எலும்பை வளர்த்துப் பாக்கலாம். ஒரு வருஷம் ஆகும். நல்லா வலிக்கும். சேரும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. சேரலைன்னா கடைசியில எடுக்கத்தான் வேண்டியிருக்கும்."

"எடுத்துருங்க டாக்டர்" என்று சொன்னது நான்தான். அவள் மூன்று ஆபரேஷனில் பட்ட பாட்டைப் பார்த்தபின் இன்னொரு வருஷம் என்னால் தாங்க முடியும் என்று தோன்றவில்லை. ஆமாம், என்னால்தான். கட்டிலில் கிடந்தவள் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, முப்பது வருஷத்து ஓட்ட வண்டியத் தள்ளிக்கிட்டு வந்தாக்கூட, 'விட்டுட்டுப் போங்கண்ணே, பாத்துருவோம்'னு சொல்லுவீக. என் காலு அதவிட மட்டமாப் போச்சா? பாத்துட்டு, ஆகலைன்னா எடுப்போம். பாக்காமலே எடுக்கக் கூடாது."

டாக்டர் சிரித்துவிட்டார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

வளையம் என்றால் ஒன்றிரண்டு இல்லை. காலைச் சுற்றி நாலு இரும்பு வளையங்கள், அவற்றை இணைக்கும் கம்பிகள், எலும்பைத் துளைத்துக்கொண்டு போகிற மெல்லிய கம்பிகள் வேறு. இடைவெளிக்கு மேலே நல்ல எலும்பில் ஒரு துண்டை வெட்டிவிட்டிருந்தார்கள். நடு வளையத்தின் நட்டுகளைத் திருகினால் அந்தத் துண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். அது விட்டுப்போன இடத்தில் புது எலும்பு வளரும். ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர். அதையும் ஒரேயடியாகச் செய்யக் கூடாது. ஆறு மணிநேரத்துக்கு ஒன்றாக நாலு வேளை, வேளைக்குக் கால் சுற்று. திருகுவதற்குப் பத்தாம் நம்பர் ஸ்பேனர். என் பட்டறையில் நாள் முழுக்க என் கையில் இருக்கிற அதே பத்தாம் நம்பர்.

டாக்டர் ஸ்பேனரை என்னிடம் நீட்டினார். வாங்கி நட்டில் வைத்தேன். கை நடுங்கிய நடுக்கத்தில் ஸ்பேனர் தரையில் விழுந்து ஆஸ்பத்திரி முழுக்கச் சத்தம் கேட்டது.

"நீங்க மெக்கானிக்தானே?" என்றார் டாக்டர்.

"அவரு வண்டிக்குத்தான் மெக்கானிக்கு. எங்கிட்டக் குடுங்க" என்று மீனா கையை நீட்டினாள்.

அன்றிலிருந்து அவளே திருகினாள். சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு திருகுவாள். கால் சுற்று தெரிவதற்காக எங்கள் மகள் தமிழ்வாணி நட்டுகளில் சிவப்பு நகப்பாலிஷ் பொட்டு வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஸ்கேலை வைத்து வளையம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்து காலண்டரில் குறிப்பாள். திருக வேண்டிய நட்டு நாலு. மீனா அவற்றுக்குத் தன் நாலு ஊர்களின் பெயரை வைத்துவிட்டாள். ஒவ்வொன்றாகத் திருகிவிட்டு மூச்சு வாங்கியபடி, "பெருங்குடி முடிஞ்சுச்சு", "பரம்புப்பட்டி முடிஞ்சுச்சு" என்பாள். எலியார்பத்தி வரும்போது நைட்டியின் முதுகுப்பக்கம் முழுக்க நனைந்திருக்கும். நான் வாசலில் நின்று, அவசரமாக யாரிடமோ போன் பேசுகிற மாதிரி நடித்துக்கொண்டிருப்பேன்.

பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்த ஹார்லிக்ஸை வைத்து ஒரு கடையே திறந்திருக்கலாம். பாட்டிலோடு ஆளுக்கொரு பயங்கரக் கதையும் கொண்டுவருவார்கள். என் அண்ணன் சங்கிலி ஒரு நாள் ஆரம்பித்தார். "எங்க தெருப் பட்டாளத்தான் மச்சினனுக்கும் இதே வளையந்தாம்மா. ஒரு வருஷம் மாட்டி, கடைசில எடுத்துட்டாங்க."

"அவருக்கு யாருங்க மாமா திருகுனது?"

"அவன் பொண்டாட்டிதான்."

"அதான பாத்தேன். நான் நானேல்ல திருகுறேன்" என்று சொல்லி, "வாணி, பெரியப்பாவுக்குக் காப்பி போடு" என்றாள். அண்ணன் அதற்குப்பின் ஆஸ்பத்திரிக் கதை எதுவும் சொல்லவில்லை.

அவளுடைய ஸ்கூட்டியைப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து எடுத்துவந்து, பட்டறையின் பின்மூலையில் நிறுத்தித் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தேன். யார் கேட்டாலும் "பார்ட்ஸ் வரல" என்பேன்.

திருக ஆரம்பித்த இருபத்திரண்டாம் நாள், ஒரு திங்கட்கிழமை, மீனாவுக்குக் காய்ச்சல் வந்தது. எழுந்து உட்கார முடியவில்லை. கண்ணை மூடியபடியே ஸ்பேனரை என் கையில் வைத்தாள். "வலப்பக்கம் கால் சுத்து. ஒங்களால முடியும்" என்றாள்.

அதற்குமேல் தப்பிக்க வழியில்லை. கட்டிலின் கால்மாட்டில் ஸ்டூலைப் போட்டு, அவளுக்கு எதிரே உட்கார்ந்து, அவள் பாதத்தை என் மடியில் வைத்துக்கொண்டேன். வலப்பக்கம் கால் சுற்று. நாலு நட்டு. அவள் முனகக்கூட இல்லை.

"வலிக்கவே இல்லீங்க. கைன்னா ஒங்க கைதான்" என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. டீக்கடைக்காரர் மலைச்சாமியிடம், "திருகுறதுல என்னய்யா இருக்கு, கைப்பக்குவம் வேணும்" என்று அளந்துவிட்டேன். நாலு நாள், பதினாறு வேளை. ஒரு தடவைகூட அவளுக்கு வலிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒரு வண்டிக்கு ஆயில் மாற்றினேன். மல்லாந்து படுத்துக்கொண்டு, என்ஜினுக்கு அடியில் இருக்கும் போல்ட்டில் ஸ்பேனரை வைத்தேன். மேலேயிருந்து பார்க்கும் திசையும் கீழேயிருந்து பார்க்கும் திசையும் நேரெதிர். புதிதாக வேலைக்கு வருகிற எல்லோரும் இந்த இடத்தில்தான் தடுமாறுவார்கள். எல்லோரையும் இதற்காகத்தான் நான் கண்டபடி திட்டியிருக்கிறேன். கை பாட்டுக்குச் சரியான பக்கம் திருகியது. போல்ட் கழன்று ஆயில் என் சட்டையில் ஊற்றியது. எழுந்திருக்கத் தோன்றவில்லை.

மீனா முழங்கால் பக்கமிருந்து பார்த்துத் திருகுகிறவள். நான் உட்கார்ந்தது பாதத்தின் பக்கம். அவளுடைய வலப்பக்கம் எனக்கு இடப்பக்கம். நாலு நாளாக நான் அவள் எலும்பை வந்த வழியே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். பிறகு எப்படி வலிக்கும்?

ஆயில் சட்டையோடு வீட்டுக்கு ஓடினேன். வாணி பள்ளிக்கூடம் போயிருந்தாள். மீனா தூங்கிக்கொண்டிருந்தாள், காய்ச்சல் விட்டு நெற்றி வேர்த்திருந்தது. ஸ்பேனரை எடுத்தேன். பின்னால் போன நாலு மில்லியையும், போயிருக்க வேண்டிய நாலு மில்லியையும் இப்போதே முன்னால் திருகிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை ஸ்கேலுக்கு வித்தியாசமே தெரியாது. ஒரு நாளைக்கு ஒரு மில்லிக்கு மேல் போனால் நரம்புக்கு ஆபத்து என்று டாக்டர் படித்துப்படித்துச் சொன்னது நினைவிருந்தது. ஆனாலும் நட்டில் ஸ்பேனரை வைத்துவிட்டேன். கை நடுங்கவில்லை. நல்லது செய்யச் சொன்னபோது அப்படி நடுங்கிய கை, திருட்டுத்தனம் பண்ணும்போது கல்லு மாதிரி நின்றது. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

"பன்னெண்டு ஆயிருச்சா?" என்று மீனா கண்ணைத் திறந்தாள்.

ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன், இப்போது செய்யப் போனதையும் சேர்த்து. சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.

அவள் ஃபேனையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். கண்ணோரத்தில் தண்ணீர் இறங்கிக் காதுக்குப் போனது. மூன்று ஆபரேஷனில் நான் பார்க்காத கண்ணீர் அது. என் வாழ்க்கையில் அந்த நிமிஷம்போல நான் கூனிக்குறுகியது இல்லை.

"நாலு நாளா வலி எங்க போச்சுன்னு நானும் யோசிக்கல பாருங்க" என்றாள். "வலிக்கலைங்கவும் அம்புட்டுச் சந்தோசம் எனக்கு. சரி, டாக்டருக்குப் போனப் போடுங்க."

போனை ஸ்பீக்கரில் போட்டேன். டாக்டர் பொறுமையாகக் கேட்டார். "பதறாதீங்க. எலும்பு வளரச் சோம்பேறித்தனம் பண்ணுனா, சில பேருக்கு நாங்களே கொஞ்சம் பின்னால திருப்பி, மறுபடி முன்னால கொண்டு போறது உண்டு. நாளைக்கு வாங்க, எக்ஸ்ரே பாத்துட்டுத் தொடரலாம். விட்டதைப் பிடிக்கிறேன்னு ஒரேயடியா மட்டும் திருகிராதீங்க."

மீனா என்னைப் பார்த்தாள். பார்த்தாளே தவிர, டாக்டரிடம் ஒன்றும் சொல்லவில்லை. போனை வைத்ததும், "முன்னால போகாத நாலு நாளு, பின்னால போனதுக்கு நாலு நாளு. மொத்தம் எட்டு. அம்புட்டுத்தான?" என்றாள்.

மறுநாள் எக்ஸ்ரேயில் பயப்பட ஒன்றுமில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு, இனி இந்த ஜென்மத்தில் என்னிடம் ஸ்பேனரைத் தர மாட்டாள் என்று நினைத்து வாசலுக்கு நழுவப் பார்த்தேன்.

"எங்க போறீக? இங்கிட்டு வாங்க. எதுத்தாப்புல வேணாம், எம் பக்கத்துல உக்காருங்க. நான் பாக்குற மாதிரிப் பாருங்க."

தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தேன். அவள் ஸ்பேனரை என் கையில் கொடுத்தாள். முதல் நட்டைக் கால் சுற்று திருகினேன். அவள் விரல்கள் என் தோளைக் கவ்வின, நகம் பதிந்தது.

"வலிக்குதா?"

"உசுரு போகுது. இப்பத்தான் சரி. பெருங்குடி முடிஞ்சுச்சு, அடுத்த ஊருக்குப் போங்க."

அதற்குப்பின் மத்தியான வேளைத் திருகல் எப்போதும் என்னுடையது. துண்டு எலும்பு கீழே போய்ச் சேர்ந்தது. அதோடு முடிந்துவிடவில்லை; புது எலும்பு கெட்டிப்படும்வரை இன்னும் எட்டு மாதம் வளையத்தோடு கிடக்க வேண்டியிருந்தது. அந்த எட்டு மாதமும் நடந்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடப்பாள். முதல் வாரம் எதிர்வீடு வரை, அடுத்த மாதம் மாவு மில் வரை. கம்பி துளைத்த இடங்களில் இரண்டு தடவை புண் வந்தது. தினமும் அரை மணி நேரம் அவளே துடைத்துச் சுத்தம் செய்தாள். இந்தப் பொம்பளைக்கு இத்தனை திடம் எங்கிருந்து வந்தது என்று நான் இன்றுவரை வியந்துகொண்டுதான் இருக்கிறேன். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் கூடவே இருந்தும் எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

எலும்பு சேர்ந்தது. வளையத்தைக் கழற்றினார்கள், ஆறு வாரம் மாவுக்கட்டு போட்டார்கள், அதையும் பிரித்தார்கள்.

போன வியாழக்கிழமை பதினோரு மணிக்கு நான் பட்டறையில் ஒருவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். தலை நிமிர்ந்தால் ரோட்டைத் தாண்டி மீனா வருகிறாள். வாக்கர் இல்லை, கம்பு இல்லை, துணைக்கு ஆள் இல்லை. லேசாகச் சாய்ந்து சாய்ந்து, ஆனால் நிற்காமல் வந்தாள். நேரே பின்மூலைக்குப் போய்த் தார்ப்பாயை இழுத்தாள். வளைந்த ஹேண்டில்பாரும் நசுங்கிய முன்பக்கமுமாக ஸ்கூட்டி அன்று வந்தபடியே நின்றது.

"திங்கக்கெழம டூட்டில சேரணும். காலு ரெடி. வண்டி எப்ப ரெடி?"

"பார்ட்ஸ் வரல..."

"ஒரு வருசமாவா? என்ன பார்ட்ஸு?"

ஒரு நட்டைக்கூட நான் தொட்டிருக்கவில்லை என்பது யார் பார்த்தாலும் தெரியும். துரு ஏறியிருந்தது.

"பயமா இருந்துச்சு மீனா. இதத் தொறந்தா அன்னைக்கு ரோட்டுல ஒன்னப் பாத்ததுதான் கண்ணுல வருது."

அவள் ஒரு ஸ்டூலை இழுத்து வண்டிக்குப் பக்கத்தில் போட்டு, வலது காலை நீட்டி உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து அந்தப் பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"எம் பக்கத்துல உக்காருங்க. எந்தப் பக்கம்னு பாத்துத் திருகுங்க."

உட்கார்ந்தேன். முதல் நட்டு துருவில் இறுகிக் கிடந்தது. அவள் என் தோளில் கையை வைத்துக்கொண்டாள். இரண்டாவது முயற்சியில் நட்டு கழன்றது.

"பெருங்குடி முடிஞ்சுச்சு" என்றாள் மீனா.