தோலுக்கு அந்தப் பக்கம்

தான் செய்த கருவியின் பிடியைக் கையால் சுற்றினால் போதும், உயிரணு கதவைத் திறந்துவிடும், இனி மருந்து உள்ளே போகாத உடம்பென்று உலகில் ஒன்றுகூட மிஞ்சாது என்று யோகராஜ் அறிவித்தபோது, எதிர்க் கட்டிலில் அவன் அப்பா திருப்பதி செத்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பி இரண்டு நாளாகியிருந்தது. அக்கா முத்துப்பிரியா அவர் பாதங்களை மடியில் வைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். போடிமெட்டு வளைவுகளில் ஏலத்தோட்ட ஆட்களை ஏற்றி அவர் ஓட்டிய ஜீப்பின் பிரேக்கை மிதித்து மிதித்து, வலது பாதம் மட்டும் சற்று அகன்றிருந்தது.

"தேச்சா தோலுக்கு அந்தப் பக்கம் ஒரு சொட்டு போகாதுக்கா. வீண் சோலி."

"ஒம் மிசினு மட்டும் என்ன செய்யுதாம்?"

"ரெண்டு தகடு உரசும். கரண்டு வரும். அது செல்லுச் சுவத்துல ஓட்டை போடும். மருந்து உள்ள போயிரும்."

"நானும் உரசத்தாண்டா செய்யிறேன்."

வாசலில் நின்ற தாய்மாமன் சோலைமலை சிரித்துவிட்டார். யோகராஜின் மதுரை ஆய்வுக்கூடத்தில் அந்தக் கருவி இதுவரை கண்ட ஒரே நோயாளி ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்ட். அதற்குள் போனதுகூட மருந்தல்ல, சாயம். இதை யோகராஜ் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

திருப்பதி கண் திறந்தார். "ஓட்டையப் போட்டுட்டு... யாருப்பு அடைப்பா?"

"அதுவா அடைச்சுக்கிரும்ப்பா. உசுரோட இருந்தா."

சொன்ன பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது. முத்துப்பிரியாவின் கை நின்று, மறுபடி ஓடியது.

"காலு சில்லுங்குது. நீயும் ஒரு கை போடேன்," என்றார் அப்பா.

"அது வெறும் சூடுதான்ப்பா. ஒண்ணும் உள்ள போகாது." போனில் யாரோ கூப்பிட்டதுபோல் எழுந்து தெருவுக்குப் போனான். யாரும் கூப்பிடவில்லை.

திரும்பி வந்தபோது அக்கா பாதங்களை மடியிலிருந்து இறக்கியிருந்தாள்.

மதியம் உடலைக் குளிப்பாட்டும் முன், சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து தலையில் எண்ணெயும் சீயக்காயும் வைத்தார்கள். யோகராஜின் முறை வந்தது.

"பொறங்கையால தொட்டு வையி மாப்ளே," என்றார் சோலைமலை. "உள்ளங்கை படக்கூடாது. தேய்க்கவும் கூடாது."

சொன்னபடியே புறங்கையால் வைத்தான். ஆனால் நகரவில்லை. தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு வந்து மண்டியிட்டான். பெருவிரல்கள் இரண்டையும் வெள்ளைத்துணியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். முடிச்சு நெகிழாமல், அகன்ற வலது பாதத்தை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்துத் தேய்க்கத் தொடங்கினான்.

"மாப்ளே, வெரசா..." என்று ஆரம்பித்த சோலைமலை, முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டார். பின்னால் வரிசை காத்து நின்றது.

முத்துப்பிரியா தைலக் குப்பியின் மூடியைத் திருகித் திறந்து, அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.