பஞ்சாத்தாளுக்கு ஓர் எதிரி

ஒரு சாமியை உண்டாக்குவது அப்படியொன்றும் கஷ்டமில்லை. பெயர் வைத்து, வாகனம் கொடுத்து, கையில் எதையாவது பிடித்துக்கொள்ளச் சொன்னால் முடிந்தது. அந்தச் சாமிக்கு ஓர் எதிரிச் சாமியை உண்டாக்குவதில்தான் வசுமதிக்கு மூச்சு முட்டியது.

அது தொண்ணூற்றாறாம் வருஷம். பீளமேட்டில் வசுமதியின் வீட்டு மாடியறையில் ஞாயிறுதோறும் மூன்று பேர் கூடினார்கள்: வசுமதி, அவளோடு கல்லூரியில் கணக்குப் படித்து முடித்த இனியா, வசுமதியின் சித்தப்பா மகன் சசிதர். ஆட்டத்தைக் கொண்டுவந்தவன் சசிதர்தான். அமெரிக்கா போய் வந்த நண்பனிடமிருந்த விதிப்புத்தகத்தில் பாதியை ஜெராக்ஸ் எடுத்திருந்தான்; மீதியை அவனே இட்டுக்கட்டினான். ஒருவர் ஒரு சாமியைப் படைக்க வேண்டும். அதற்கு எதிரியை அடுத்தவர் படைக்க வேண்டும். பிறகு அவரவர் தங்கள் சாமியாகவே பேசி, சண்டை பிடித்து, மூவருமாகக் கதையை நகர்த்த வேண்டும்.

சண்டையில் யாருக்கு ஜெயம் என்று தீர்மானிக்க இருபது முகப் பகடை வேண்டும் என்றது புத்தகம். சசிதர் கிராஸ்கட் ரோடு முழுக்க அலைந்துவிட்டுப் பரமபதக் கட்டை ஒன்றோடு முகம் தொங்கத் திரும்பினான். வசுமதிதான் வழி சொன்னாள். அவர்கள் வீட்டில் நிலம் வாங்குவதானாலும் சம்பந்தம் பேசுவதானாலும் சாமி முன்னால் பூக் கேட்பார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, இன்னொன்றில் சிவப்பு. ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். தினக் காலண்டரில் கிழித்த தாளை அம்மா ராமாமணி எப்படி நான்கு மூலையும் உள்ளே போக மடிப்பாளோ, அப்படியே மடித்து, வசுமதி ஒரு மஞ்சப்பை நிறையப் பொட்டலம் கட்டினாள். பகடைப் பிரச்சினை அதோடு தீர்ந்தது.

"சாமிகூட வெளையாடாதீங்க கண்ணு" என்றாள் ராமாமணி ஒருமுறை, காப்பித் தட்டை வைத்தபடி. அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. எதிலுமே அவள் ஒரு வாக்கியத்தைத் தாண்டிப் பேசியதாக வசுமதிக்கு நினைவில்லை.

இனியா படைத்த சாமி பஞ்சாத்தாள். இனியாவின் அப்பா மில்லில் நூற்பு வேலை. ஷிப்டு முடிந்து வரும்போது புருவமெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். அந்தப் பஞ்சில் பிறந்தவள் பஞ்சாத்தாள். மில்லை விட்டுப் பறந்து, மேட்டுப்பாளையம் தாண்டி, மலையேறி மேகமாகிவிட வேண்டும் என்பது அவள் ஆசை. எதிரியைப் படைப்பது வசுமதியின் முறை. முதலில் பஞ்சை நனைக்கும் மழையப்பனைக் கொண்டுவந்தாள். இனியா உதட்டைப் பிதுக்கினாள். அடுத்த வாரம், மில்லின் சன்னல்களையெல்லாம் சாத்திவிடும் தாழ்ப்பாளம்மனைக் கொண்டுவந்தாள்.

"பேரு நெம்ப நல்லாருக்கு. ஆனா எதுக்குச் சாத்தறா?" என்றாள் இனியா.

"எதிரின்னா அப்படித்தான். வெளிய விடமாட்டா."

"அது சாமியில்ல அம்மணி, செவுரு. அவளுக்கு என்ன வேணும்னு சொல்லு, ஆட்டத்துல சேத்திக்கலாம்."

அந்தப் பாதிப் புத்தகத்தில் உருப்படியாக இருந்த ஒரே விதி அது: எதிரிச் சாமிக்கும் ஓர் ஆசை இருந்தாக வேண்டும். வசுமதி நகத்தைக் கடித்துக் கடித்து யோசித்தாள். ஒன்றும் பிடிபடவில்லை.

அந்த வாரம்தான் சூலூர்ச் சம்பந்தம் வந்தது. விசைத்தறி வைத்திருக்கும் குடும்பம், ஒரே பையன், குணசாலி. குறை சொல்ல ஒன்றுமே இல்லாத இடம், தொல்லையே அதுதான். வசுமதிக்குச் சென்னையில் எம்.எஸ்சி. படிக்க இடம் கிடைத்திருந்தது. அவர்களோ ஆவணியிலேயே கல்யாணம் என்றார்கள். பம்ப்செட் பட்டறை நடத்தும் அப்பா பாலகோபாலுக்கு மகள் என்றால் உயிர். ஆனால் மகள் பேசுவது மட்டும் காதில் ஏறாது. அந்த வீட்டில் கோபத்துக்கு மட்டும்தான் தெலுங்கு, மற்றதெல்லாம் கோயமுத்தூர்த் தமிழ். அன்று அவர் கோபத்தில் இல்லை. சந்தோஷமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மெட்ராஸ்ல போயி ஆஸ்டல்ல கெடந்து என்ன கண்ணு பண்ணப் போற? இது நல்ல எடம்."

வசுமதி அம்மாவைப் பார்த்தாள். ராமாமணி ரசம் ஊற்றிக்கொண்டே, "ஏனுங்க, எதுக்கும் வெள்ளிக்கெழம பூக் கேட்டுப்போடலாமுங்க" என்றாள்.

"அதுவுஞ் சரிதான். பூ என்ன சொல்லுதோ அதுக்கு நானும் கட்டுப்படறேன்."

வசுமதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'புள்ள படிக்கட்டுமே' என்று ஒரு வார்த்தை சொன்னால் வாயா வலிக்கும்? பெற்ற மகளின் வாழ்க்கையை அரளிப்பூவிடம் ஒப்படைத்துவிட்டு இந்த அம்மா ரசம் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். சோற்றைப் பாதியில் விட்டு எழுந்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். அப்பா குளித்துக்கொண்டிருந்தார். பூ எடுக்க, சசிதரின் அக்கா மகள் நவ்யாவைக் கூட்டிவர அம்மா அடுத்த தெருவுக்குப் போயிருந்தாள். வசுமதி மஞ்சப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பூஜையறைக்குள் நுழைந்தாள். ஆட்டத்துக்கு என்று சாக்குச் சொல்லி, மத்தியானமே புதுப்பூ பறித்துச் சிவப்பும் வெள்ளையுமாய்ப் பொட்டலம் கட்டி வைத்திருந்தாள். அம்மாவின் வெள்ளைப் பொட்டலத்தை எடுத்துவிட்டு அங்கே ஒரு சிவப்பை வைத்தால் போதும். குழந்தை எதை எடுத்தாலும் வேண்டாம் என்றுதான் வரும்.

மாடியில் மூன்று பேர் சேர்ந்து உண்டாக்கிய சாமிகளிடம் அவளுக்குப் பயமில்லை. இது வீட்டுச் சாமி. கன்னத்தில் போட்டுக்கொண்டு, தட்டிலிருந்த ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். சிவப்பு. அப்படியென்றால் மற்றதுதான் வெள்ளை. அதைப் பிரித்தாள்.

அதுவும் சிவப்பு.

அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. ஒருவேளை இன்று வெள்ளை அரளியே பூக்கவில்லையோ என்று பூக்கூடையைப் பார்த்தாள். கூடை நிறைய வெள்ளை அரளி அப்படியே கிடந்தது. மாலை தொடுத்தால் ஒரு முழம் வரும்.

கேட் திறக்கும் சத்தம் கேட்டது. இரண்டையும் பழையபடி மடித்து வைத்துவிட்டு, சுவரோரம் நின்றாள்.

கற்பூரம் ஏற்றினார்கள். நவ்யா கண்ணை இறுக்க மூடி, ஒரு பொட்டலத்தை எடுத்துப் பாலகோபாலிடம் நீட்டினாள். பிரித்தார். சிவப்பைப் பார்த்ததும் அவர் முகம் விழுந்துவிட்டது. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் கிணற்றில் போடுவதுதான் அவர்கள் வழக்கம். ஆனால் பட்டறைக்காரர், எந்தச் சாமானையும் ஒருமுறை திருப்பிப் பார்க்காமல் கீழே வைக்கமாட்டார்.

"அதையும் பிரிச்சுப் பாத்துப்போடலாம்" என்றார்.

"வேண்டாமுங்க. அது வழக்கமில்லீங்க." என்றாள் ராமாமணி. கற்பூரத் தட்டு அவள் கையில் ஆடுவதை வசுமதி பார்த்தாள்.

"மனசுக்கு ஒரு திருப்தி, அவ்வளவுதான். எடு."

"நான் எடுத்துத் தாரேனுங்கப்பா" என்று வசுமதி குனிந்தாள். தட்டிலிருந்த பொட்டலத்தை எடுத்த கை துப்பட்டாவின் மறைவில், தோளில் கிடந்த மஞ்சப்பைக்குள் போய், வேறொன்றோடு வெளியே வந்தது. பைக்குள் எது சிவப்பு, எது வெள்ளை என்று அவளுக்கே தெரியாது. பிரித்துப் பார்க்க நேரமுமில்லை. சிவப்பாக இருந்தால், தான் மாட்டுவது கிடக்கட்டும், அம்மாவின் கதி என்ன? அன்று அந்த வீட்டில் மெய்யாகவே பூக் கேட்டது அந்த ஒரு முறைதான். காப்பாத்து என்று மட்டும் மனசுக்குள் சொல்லிக்கொண்டு நீட்டினாள்.

பாலகோபால் பிரித்தார். வெள்ளை.

பூவைத் தட்டிலேயே வைத்தார். பிறகு, "சாமிக்கே இஷ்டமில்லீன்னா நாம என்ன பண்றது. சூலூருக்குப் போன் பண்ணிச் சொல்லிப்போடறேன்" என்று எழுந்து போனார். ராமாமணி மட்டும் அந்த வெள்ளைப் பூவைப் பேயைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சமையலறையில் வசுமதி, பைக்குள் ஒளித்த அந்தச் சிவப்புப் பொட்டலத்தை எடுத்து அம்மா முன்னால் வைத்தாள். ராமாமணிக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது.

"எப்பப் பாத்த?"

"நீங்க நவ்யாவக் கூப்புடப் போனப்ப. நானும் மாத்தி வெக்கத்தான் வந்தேனுங்கம்மா. நேரா அப்பாகிட்டச் சொல்லியிருக்கலாமல்லங்க?"

"நாஞ் சொன்னா எங்க கேக்கறாரு. சாமி சொன்னாக் கேப்பாரு." பொட்டலத்தைப் பிரித்து, பூவை விரலால் நிமிண்டினாள். "என் கல்யாணத்துக்கும் பூக் கேட்டாங்க கண்ணு. எங்கம்மா ரெண்டுலயும் வெள்ளைய வெச்சுப்போட்டா. சன்னல் வழியா நான் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்."

"அம்மா..."

"உங்கப்பா நல்லவரு. அதுல ஒரு கொறையும் இல்ல. என்னைய யாரும் கேக்கல, அவ்வளவுதான்."

அவள் இத்தனை வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசி வசுமதி கேட்டதில்லை. இருபத்தொரு வருஷமாக இந்த அம்மாவைச் சுவர் என்று நினைத்திருந்தோமே என்று வெட்கமாக இருந்தது. அம்மாவின் தோளில் முகத்தை வைத்து நன்றாக அழுதாள். ராமாமணி அவள் முதுகைத் தடவிக்கொண்டே, பால் பொங்குகிறதா என்றும் ஒரு கண் வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் மாடியில் கூடியதும் இனியா விட்ட இடத்திலேயே பிடித்தாள். "உன் தாழ்ப்பாளம்மனுக்கு என்னதான் வேணுமாம்?"

"உனக்கு என்ன வேணும்னு யாராச்சும் ஒருக்கா அவளக் கேக்கோணும்" என்றாள் வசுமதி. "இதுவரைக்கும் ஒருத்தருங் கேட்டதில்ல. அதான் எல்லாத்தையும் சாத்திக்கிட்டே இருக்கறா."

சசிதர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தான். "சேத்திக்கலாம்" என்றாள் இனியா, மெதுவாக.

வசுமதி எழுந்து கீழே போனாள். ராமாமணி போண்டா போட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, எங்க ஆட்டத்துல இன்னொரு சாமி வேணும். நீங்க ஒண்ணு படைக்கறீங்களா?"

சாமியோடு விளையாடாதே என்று சொல்வாள் என்றுதான் வசுமதி எதிர்பார்த்தாள். ராமாமணி கடைசிப் போண்டாவைத் திருப்பிப் போட்டாள். முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"எனக்குப் புடிச்ச மாதிரி படைக்கலாமா?"

"உங்களுக்குப் புடிச்ச மாதிரிதானுங்கம்மா."

"நீ போ கண்ணு. அடுப்ப அணச்சுப்போட்டு வாரேன்."