ஐந்தாம் மாடிக்காரரின் ஐந்து நிமிடம்

அந்தக் குடியிருப்பில் அவளை எல்லோரும் ‘பிரஷர் அக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். வாரம் முழுக்க தையல்காரி. ஞாயிறு காலையில் மட்டும் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு மாடி மாடியாக ஏறுவாள். கட்டடத்துக்கு ஒருவர் என்று சுகாதார நிலையம் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தபோது, முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவள் அவள்.

அதற்குக் காரணம் உண்டு. நான்கு வருடத்துக்கு முன் ஒரு காலையில் கணவர் கை மரத்துப்போகிறது என்றார். “கையை அடியில வெச்சுத் தூங்கியிருப்பீங்க, கொஞ்சம் படுங்க” என்று போர்த்திவிட்டாள். மதியம் எழுப்பப் போனால் பேச்சு போயிருந்தது. மறுநாள் அவரே போய்விட்டார். போர்த்திவிட்டதை மட்டும் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

முக்கால்வாசிக் கதவுகள் பாதிதான் திறக்கும். “எனக்கென்னக்கா, கல்லு மாதிரி இருக்கேன்” என்பார்கள். கை நீட்டுகிறவர்களும் எண் தெரிந்ததும் கதவைச் சாத்திவிடுவார்கள்.

ஐந்தாம் மாடியில் தனியாக இருந்த ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் வேறு ரகம். அளப்பதற்கு முன் ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, வாய் திறக்காமல் உட்கார வேண்டும் என்பது விதி. அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தவர் அவர் ஒருவர்தான். சமையலறை மேசையில் இருவரும் எதிரெதிரே சும்மா உட்கார்ந்திருப்பார்கள். வாரத்தில் அவளுக்கு எதிரே இன்னொரு ஆள் உட்காரும் நேரம் அது மட்டும்தான்.

முதல் தடவை நூற்று எழுபத்தெட்டு காட்டியது.

“தலைசுத்தல் நின்னுச்சு, மாத்திரையையும் நிறுத்திட்டேம்மா.”

“பிரேக் நல்லாப் பிடிக்குதுன்னு அதைக் கழட்டி வெச்சுட்டு வண்டி ஓட்டுவீங்களாண்ணா?”

டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாளே மாத்திரையை மறுபடி ஆரம்பித்தார். மூன்று மாதத்தில் எண் நன்றாக இறங்கியிருந்தது.

பிறகு ஒரு ஞாயிறு, அவர் கதவைத் திறக்கவே வெகுநேரம் ஆனது. சிரித்தார், சிரிப்பு ஒரு பக்கம்தான் ஏறியது.

“ரெண்டு கையையும் தூக்குங்கண்ணா!”

இடது கை பாதியில் தொய்ந்து விழுந்தது.

“ப... படுத்தா... சரியாயிடும்” என்று குழறினார்.

“படுக்கப்படாது! இப்பவே கிளம்பணும்!” தன் குரலா இது என்று அவளுக்கே சந்தேகம். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். எப்போது ஆரம்பித்தது என்று கேட்டாள். அவர் கடிகாரத்தைக் காட்டி, வலது கை விரல்களை முதலில் ஐந்தும் பிறகு மூன்றுமாக விரித்து எட்டு என்றார். மணி எட்டே முக்கால். ஆரம்பித்த நேரத்தை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் கையையே நீட்டினாள்.

நேரத்தோடு மருந்து ஏறியது, ஆள் தப்பித்தார். நான்காம் நாள் பேச்சு தெளிந்ததும் அவர் முதலில் சொன்னது ஒப்புதல் வாக்குமூலம்.

“மாத்திரை தீர்ந்து பத்து நாளாச்சும்மா. அஞ்சு மாடி இறங்கணுமேன்னு சோம்பல். உன்கிட்ட சொன்னா திட்டுவியேன்னு பயம்.”

எண்ணைப் பார்த்தேனே ஒழிய, மாத்திரை இருக்கிறதா என்று ஒரு வாரமாவது கேட்டேனா என்று அவள் மனம் குடைந்தது.

வெளியூரிலிருந்து அவருடைய மகன் வந்தான். “நீங்க இல்லேன்னா அப்பா இல்லக்கா. இனிமே இவரைத் தனியா விடுறதா இல்ல” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டான். “அதுதான் சரி தம்பி” என்றாள். மனதாரத்தான் சொன்னாள். வண்டி கிளம்பியபோது டிரைவர் நல்ல கையை அசைத்தார். திருப்பம் தாண்டி வண்டி மறைந்த பிறகும் அவள் நின்றிருந்தாள்.

அடுத்த ஞாயிறு வழக்கம்போல ஏறினாள். “மாத்திரை இன்னும் எத்தனை நாளைக்கு வரும்? வாங்கப் போக ஆள் இல்லேன்னா சீட்டைக் குடுங்க, நான் வாங்கியாறேன்” என்று கதவுக்குக் கதவு கேட்டாள். மூன்று பேர் சீட்டு கொடுத்தார்கள். ஒருத்தி உள்ளே வரச் சொல்லாமலே நன்றி சொன்னாள். ஐந்தாம் மாடியில் பூட்டு தொங்கியது. அங்கே உட்கார வேலையில்லாததால் சுற்று பத்து மணிக்குள் முடிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து பையை இறக்கிவைத்தாள். ஞாயிற்றுக்கிழமை இன்னும் நிறைய மிச்சமிருந்தது.