காகிதம் தீர்வதற்குள்

போர்ட் பிளேரைத் தாண்டியும் மைனா 39 இறங்கவில்லை.

பதறாதீர்கள், அது நிஜ விமானம் இல்லை. கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் பைத்தியங்கள் சேர்ந்து நடத்தும் கிளப் எங்களுடையது. 'மைனா ஏர்' என்று பெயர் வைத்திருக்கிறோம். வாரம் முழுக்க அடுத்தவர்களின் லேப்டாப் கோளாறுகளைப் போனில் கேட்டுக் காது புளித்துப்போன நான், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பெங்களூர் பொம்மனஹள்ளியில் என் அறையில் உட்கார்ந்து அந்த விமானங்களுக்குச் செய்தி அனுப்புவேன். மேலே காற்று எப்படி, எந்த ஓடுபாதையில் இறங்க வேண்டும் என்பது மாதிரி. நிஜ விமானங்களில் இப்படி வரும் செய்திகள் விமானிகளுக்கு நடுவிலிருக்கும் சின்ன பிரின்டரில் துண்டுத் தாளாக வந்து விழும். "சம்பளம் உண்டாடி?" என்று கேட்பாள் என் அறைத்தோழி இளவேனில். கிடையாது.

மைனா 39ஐ ஓட்டுகிறவரை நான் பார்த்ததில்லை. கிளப்பில் பேர் கேட்கக் கூடாது, போன் நம்பர் கேட்கக் கூடாது, எண்தான் ஆள். ரெண்டு வருஷமாக எனக்கு அவர் முப்பத்தொன்பது. பெங்களூர்க்காரர், தமிழர், சின்ன வயதிலிருந்தே சர்க்கரை, தினமும் இன்சுலின் ஊசி. இவ்வளவுதான் தெரியும். மருந்துக் கடைகளில் பில் போடும் மிஷின் ஒன்றை வாங்கி, என் செய்திகள் அதில் அச்சாகி வரும்படி செய்து வைத்திருந்தார். அது போடும் கர்ர் சத்தத்துக்கு வீட்டில் வாராவாரம் திட்டு விழுகிறது என்று பெருமையாக எழுதுவார். ஓட்டும்போது அறைக் கதவைத் தாழ் போட்டுவிடுவார். போன் வெளியே. விமானி அறை என்றால் விமானி அறைதானாம்.

அன்று போர்ட் பிளேருக்குக் கிளம்பும்போது அவர் அனுப்பியது இது: "ஊசி போட்டாச்சு. புறப்பட வேண்டிய நேரம் தப்பிவிடும், இட்லி மேலே போய்ச் சாப்பிடுகிறேன்."

அதற்குப் பிறகு சத்தமில்லை. கடல் மேல் பாதித் தூரம் போகும்வரை நான் கவலைப்படவில்லை. ரேடியோ செத்துப்போன மாதிரி நடித்து ஒருவரையொருவர் சோதிப்பது எங்கள் வழக்கம். "கேப்டனுக்குத் தூக்கமா?" என்று கிண்டலாகத் தட்டினேன். பதில் இல்லை. இறங்கச் சொல்லி அனுப்பினேன். அவர் கம்ப்யூட்டர் அதையும் வாங்கிக்கொண்டது. மனிதர் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

ரேடியோ செத்தாலும் இறங்கத்தான் வேண்டும். அதுதான் விதி, அவர் விதியை மீறுகிறவர் இல்லை. ஆனால் வரைபடத்தில் அந்தப் புள்ளி தீவுகளைத் தாண்டி, அதே உயரத்தில், நேர்கோட்டில் போய்க்கொண்டே இருந்தது. தானியங்கி ஓட்டுகிறது. யாரும் கை வைக்கவில்லை.

ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் ஏறியவர். அப்படிச் செய்தால் சர்க்கரை சரசரவென்று இறங்கி நினைவே தப்பிவிடும்.

"போன் பண்ணுடி!" என்றாள் இளவேனில்.

"நம்பர் இல்லடி."

"பேரு?"

"தெரியாது."

"நல்லா இருக்குடி உங்க கிளப்பு."

கிளப் தலைவர் எந்த நாட்டிலோ தூங்கிக்கொண்டிருந்தார். எத்தனை மெயில் போட்டும் அசைவில்லை. அவசர உதவி எண்ணைக் கூப்பிட்டேன். "அட்ரெஸ் ஹேளி மேடம்" என்று விலாசம் கேட்டாள் லைனில் வந்த பெண். தெரியாது என்றேன். ஆள் பேர் கேட்டாள். அதுவும் தெரியாது. எப்படித் தெரியும் அவருக்கு ஆபத்தென்று கேட்டபோது, கம்ப்யூட்டரில் அவர் விமானம் இறங்கவில்லை என்று சொன்னேன். இது அவசரத்துக்கான லைன் மேடம் என்று கன்னடத்தில் பொறுமையாகச் சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

இந்த ஊரில் எங்கோ பூட்டிய அறைக்குள் ஒரு மனிதர் சரிந்து கிடக்கிறார். அந்த அறைக்குள் போக எனக்கிருந்தது ஒரே வழி, அந்த பில் மிஷின்.

அதன் சத்தத்துக்குத்தானே வீட்டில் திட்டு? திட்டுகிற ஆள் வரட்டும். அந்த மிஷினுக்குத் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்திலேயே தமிழைத் தட்டினேன்: "வீட்டில் யாராவது இருந்தால் உடனே அறையைத் திறங்கள். இவருக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது. ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கள். நான் தாரணி." கீழே என் நம்பர். விதியாவது மண்ணாவது. அதையே நீளமாக்கி, பத்து முறை ஒட்டி அனுப்பினேன். மறுபடியும் அனுப்பினேன்.

அப்போதுதான் இன்னொரு பயம் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரும் சர்ச்சுக்குப் போய்விடுவார்கள், அவர்கள் திரும்பி வந்து திட்டும்வரை நிம்மதியாகப் பறக்கலாம் என்று ஒருமுறை எழுதியிருந்தார். இப்போது வீடு காலியாக இருந்தால்? மிஷினில் இருப்பது ஒரு சுருள் காகிதம். எல்லாவற்றையும் இப்போதே கொட்டித் தீர்த்துவிட்டால், அவர்கள் திரும்பி வரும்போது மிஷின் வாயடைத்துக் கிடக்கும். தாழ் போட்ட கதவு, சத்தமில்லாத அறை. பறக்கிறார் போல என்று சமையலைப் பார்க்கப் போய்விடுவார்கள். வீட்டில் ஆள் இருக்கும்போது காகிதத்தை மிச்சம் பிடித்தாலோ, அதற்குள் அவர் உயிர் போய்விடலாம்.

பாதிச் சுருள் போயிருக்குமா, முழுக்கவா, ஒன்றும் தெரியாது. கொஞ்சம் அனுப்பினேன். நிறுத்தினேன். மறுபடி கொஞ்சம். நிறுத்துகிற ஒவ்வொரு முறையும் அவர் கழுத்தை நானே பிடித்து நெரிப்பது போலிருந்தது. இளவேனில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேலியெல்லாம் எங்கோ போய்விட்டது அவளுக்கு. "முருகா, யாராச்சும் வீட்டுக்கு வரணும்" என்று முணுமுணுத்தாள்.

புள்ளி கடலின் மேல் போய்க்கொண்டே இருந்தது. எரிபொருள் எவ்வளவு ஏற்றினோம் என்று எனக்குத் தெரியும். அவருக்குள் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதுதான் தெரியவில்லை.

போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"யாரும்மா நீ? பேப்பர் பூரா எழுதியிருக்கே, அந்தத் தாரணியா?" பெண் குரல். மூச்சு வாங்கியது. பின்னால் சைரன்.

"ஆமாங்க. அவரு... அவரு எப்படி இருக்காரு?"

"நான் நோரா, அவரு வொய்ஃப். காக்ஸ் டவுன்ல இருந்து ஆம்புலன்ஸ்ல போயிட்டிருக்கோம். சர்ச்ல இருந்து வந்து செருப்புகூட கழட்டல, உள்ள அந்த மிஷின் கத்துது, நிக்குது, மறுபடி கத்துது. நிப்பாட்டுங்கன்னு கதவத் தட்டுனேன். எப்பவும் திருப்பிக் கத்துவாரு. இன்னைக்குக் கத்தல. பக்கத்து வீட்டு கோவிந்தப்பா வந்துதான் கதவ ஒடச்சாரு. ஹாட்பாக்ஸ்ல வெச்ச இட்லி வெச்சபடியே இருக்கும்மா."

"இப்ப முழிச்சிட்டாரா?"

"இல்லம்மா. க்ளூக்கோஸ் ஏத்துறாங்க. கண்ணே தெறக்கல." குரல் உடைந்தது. "லைன்ல இரு. வெச்சிடாத. எனக்கு பயமா இருக்கு."

வைக்கவில்லை. என்ன பேசுவதென்றும் தெரியவில்லை. ரெண்டு வருஷம் தட்டித்தட்டியே பழகியவள் நான். "இருக்கேங்க, இருக்கேங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் அங்கே இயேசப்பாவைக் கூப்பிட்டாள். ஏதோ சிக்னலில் வண்டி நின்றது போலும், டிரைவர் யாரையோ கன்னடத்தில் திட்டினார். வழிவிடாத அந்த ஆளை எனக்கும் அடிக்க வேண்டும் போலிருந்தது.

திடீரென்று நோரா அலறினாள்.

"ஜாய்சன்! ஜாய்சன்! இங்க பாருங்க, நான்தான், என்னப் பாருங்க!"

அப்படித்தான் எனக்கு அவர் பெயர் தெரிந்தது.

"தெறந்துட்டாரும்மா... கண்ணத் தெறந்துட்டாரு..." அழுகையும் சிரிப்புமாக ஏதேதோ சொன்னாள். பிறகு அவரைத் திட்டத் தொடங்கினாள். ஊசி போட்டுட்டுச் சாப்பிடாம எந்த ஊருக்கு ஓட்டுனீங்க, உங்களுக்கெல்லாம் பொண்டாட்டி எதுக்கு என்று. திட்டிக்கொண்டே, "இந்தாம்மா, நீயே அவருகிட்ட பேசு" என்று என்னிடம் சொல்லி போனை அவர் காதில் வைத்துவிட்டாள்.

வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது, மெதுவாக, இழுத்து இழுத்து. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.