நாலரையிலிருந்து ஆறு வரை

ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரை ராஜி வாசற்படியைத் தாண்ட மாட்டாள். பீளமேட்டில் இருந்தபோதும் அப்படித்தான், மகனோடு புனேவுக்கு வந்து மகர்பட்டாவில் ஒன்பதாவது மாடி ஏறிய பிறகும் அப்படித்தான். ராகுகாலத்துக்கு ஊர் எல்லை உண்டா என்ன? கோயமுத்தூரிலிருந்து வரவழைத்த தினசரி காலண்டர் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் தொங்கியது. அதில் தாளைக் கிழித்துவிட்டுத்தான் காலையில் பால் காய்ச்சுவாள்.

அப்படிப்பட்டவளிடம் போய் ஹரிபிரசாத், "அம்மா, ஞாயித்துக்கெழம அஞ்சு மணிக்குக் குட்டி விமானத்துல கூட்டிட்டுப் போறேன். முல்ஷி அணை, மலையெல்லாம் மேல இருந்து பாக்கலாம்," என்றான்.

"அஞ்சு மணிக்கா? ராகுகாலத்துல எவனாச்சும் ஆகாசத்துல ஏறுவானா கண்ணு?"

அவன் தலையில் அடித்துக்கொண்டான். எதிர் ஃபிளாட்டு மந்தாரும் அவனும் ஒரே ஆபீஸ், சேர்ந்து போட்ட திட்டம் அது. விமானத்தில் பைலட்டைத் தவிர ரெண்டு பேர்தான் உட்காரலாம். மந்தாரும் அவன் பெண்டாட்டி வைஷாலியும் மூணு மணிக்கு, இவர்கள் அஞ்சு மணிக்கு. பணம் கட்டியாச்சு, இனி மாற்ற முடியாது என்றான் மகன். ராஜியா விடுகிறவள்? அவன் குளிக்கப் போன நேரம் பார்த்து எதிர்வீட்டு மணியை அடித்தாள்.

தட்டுத்தடுமாறி இந்தியில் பேசினாள். முட்டி வலி, இருட்டுகிறதுக்குள் வீடு வந்து மருந்து போட்டாகணும், நேரத்தை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டாள். முட்டிக்கு ஒரு கேடும் இல்லை. ராகுகாலம் என்று சொன்னால் படித்த பிள்ளைகள் சிரிக்குமே என்று ஒரு கூச்சம். அதற்கு அடியில் இன்னொரு நினைப்பும் கிடந்தது. சொல்லி, இவர்களும் பயந்துகொண்டு மாட்டேன் என்றுவிட்டால்?

"இதுக்குப் போய் இவ்வளவு கேக்கணுமா காகூ?" என்றான் மந்தார். மராட்டியில் காகூ என்றால் சித்தி. அஞ்சு மணிக்கு வைஷாலிக்கு ட்யூஷன் பிள்ளைகள் வருவார்கள். "நீ மட்டும் போயிட்டு வா," என்று புருஷனிடம் சொல்லிவிட்டாள்.

மூணு மணிக்கு ராஜி ஜம்மென்று ஏறினாள். பெல்ட்டை மாட்டிவிட்ட பைலட், "பயப்படாதீங்க ஆயி," என்று சிரித்தான். அணைத் தண்ணீரையும் பச்சை மலைகளையும் பார்த்துவிட்டு வந்து, வீட்டில் காப்பி போட்டுக் குடித்தாள்.

அஞ்சு மணிக்குக் கிளம்பிய விமானம் திரும்பவில்லை. மலைப் பக்கம் மேகம் இறங்கியதாம், அப்புறம் சத்தமே இல்லையாம். சேதி வந்தபோது ராஜி எதிர்வீட்டு சோபாவில், வைஷாலியின் பக்கத்தில்தான் இருந்தாள்.

"நல்லவேளை, நம்ம தப்பிச்சோம்டா கண்ணு," என்று வாயில் வந்துவிட்டது.

தமிழ் தெரியாத வைஷாலி அழுதுகொண்டே ஹரியைப் பார்த்தாள். காகூ என்ன சொல்றாங்க?

"சாமிகிட்ட வேண்டிக்கறாங்க," என்றான் ஹரி. சொல்லிவிட்டு அம்மாவை ஒரு பார்வை பார்த்தான். அதற்கு அவன் கை நீட்டி அடித்திருக்கலாம்.

மறுநாள் பூராவும் தேடினார்கள். பனிமூட்டத்தில் ஹெலிகாப்டர் இறங்க முடியவில்லை. மலையேறும் குழுக்காரர்களும் அடிவாரத்து ஜனங்களும் காடு காடாக நடந்தார்கள். ஹரியும் அவர்களோடு போனான். ராஜி சும்மா இருக்க முடியாமல் பெரிய பாத்திரத்தில் எலுமிச்சம்பழச் சோறு கிளறி, பொட்டலம் கட்டி அனுப்பினாள். குடியிருப்பு முழுக்க அவள் பெயர்தான். இப்படி ஒரு பக்கத்து வீடு கிடைக்கக் கொடுத்துவைக்கணும் என்று லிஃப்டில் ஒரு அம்மாள் கையைப் பிடித்துக்கொண்டாள். ராஜிக்குக் கையை உருவிக்கொண்டு ஓடிவிடலாம் போல இருந்தது. அந்த நேரம் கெட்ட நேரம் என்று நம்பித்தானே அடுத்த வீட்டில் கொண்டுபோய்த் தள்ளினாள்? நம்பவில்லை என்றாலாவது மன்னிப்பு உண்டு. சீ, நானெல்லாம் ஒரு மனுஷியா என்று சமையலறையில் நின்று அழுதாள்.

செவ்வாய்க்கிழமை விடியும்போது ஒரு சரிவில், மரங்களுக்கு நடுவே விமானத்தைக் கண்டுபிடித்தார்கள். பைலட் இருக்கையிலேயே போயிருந்தான். பெல்ட் மாட்டிவிட்ட அந்த மனுஷனின் பெயரைக்கூட ராஜி கேட்டுவைத்துக்கொள்ளவில்லை. மந்தாருக்கு உயிர் இருந்தது. தொடை எலும்பு நொறுங்கி, காலில் ரத்த ஓட்டம் குறைந்துகொண்டே வந்தது.

மலையிலிருந்து இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர மத்தியானம் ஆகிவிட்டது. அங்கே வைஷாலி ஓடி வந்து ராஜியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மூணு மணிக்கு ஆபரேஷன்னு டாக்டர் சொல்றார். காகூ, அது நல்ல நேரமா?"

செவ்வாய் மூணிலிருந்து நாலரை. காலண்டரே வேண்டாம், ராஜிக்கு அது தூக்கத்திலும் வரும்.

"நாலரை வரைக்கும் ராகுகாலம்," என்றாள். "ஞாயித்துக்கிழமை அஞ்சு மணியும் ராகுகாலம்தான். அதனாலதான் உங்ககிட்ட மாத்திக் கேட்டேன். முட்டி வலின்னு சொன்னது பொய்."

வைஷாலி அவள் பக்கம் திரும்பினாள். "தெரியும் காகூ. அன்னைக்கே ஹரி மந்தார்கிட்ட சொல்லிட்டான். மாத்த வேண்டாம்னுகூடச் சொன்னான். மந்தார்தான் கேக்கல. காகூ பயப்படறாங்க, அவங்க நிம்மதியா போயிட்டு வரட்டும், நமக்கும் ராகுவுக்கும் பழக்கமே இல்லையேன்னு சிரிச்சான். நானும் சிரிச்சேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இப்பச் சிரிப்பு வரல. நாலரைக்கு மேல வெச்சுக்கச் சொல்லட்டுமா? நீங்க சொல்றதச் செய்யறேன்."

தெரிந்துகொண்டே கொடுத்திருக்கிறார்கள். தெரிந்துகொண்டே அவள் கிளறிய சோற்றைக் கும்பிட்டு வாங்கியிருக்கிறாள் இந்தப் பெண். ராஜிக்குத் தரையைத் தவிர வேறு எங்கும் பார்க்க முடியவில்லை. ஒவ்வொரு மணி நேரமும் காலுக்கு ஆபத்து என்று டாக்டர் சொன்னதை அவளும்தான் கேட்டிருந்தாள்.

"ஒரு நிமிஷங்கூடத் தள்ளாத. டாக்டர் சொல்ற நேரம்தான் நல்ல நேரம். கையெழுத்துப் போடு."

சொல்லிவிட்டாளே தவிர, இதுவும் பொய்தானோ என்று அவளுக்கே தெரியவில்லை.

மூணு மணிக்கு மந்தாரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முகம் வீங்கி, உதடு வெடித்திருந்தது. ராஜி வைஷாலியின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தாள். அவன் அதற்குள் கண்டுகொண்டான். கையை லேசாக உயர்த்தி வண்டியை நிறுத்தச் சொன்னான்.

"காகூ, முட்டி எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்குது சாமி," என்றாள் ராஜி தமிழிலேயே. "அதுக்கு என்ன கேடு."