பெருக்கல் விதிக்காக ஒரு ஜெபம்

கரும்பலகையை நான் உடனே அழிக்கவில்லை. எங்கள் பள்ளியில் அடுத்த பாடவேளைக்கு வரும் ஆசிரியரே முந்தையவர் எழுதியதை அழிக்க வேண்டும் என்பது வழக்கம். அன்று உயர்கணித வகுப்பு முடிந்து, அதே அறைக்குப் பொதுக்கணிதம் நடத்த நான் வந்திருந்தேன். இரண்டு சார்புகளின் பெருக்கலை வகையிடும் கணக்கு பலகையில் இருந்தது. மாப்பிள்ளை சார் இரண்டையும் தனித்தனியே வகையிட்டு, விடைகளை ஒன்றோடொன்று பெருக்கியிருந்தார். முதல் வாரத்தில் மாணவர்கள் செய்யும் பிழை அது. அதன் கீழே தடிமனான இரட்டைக் கோடு வேறு. அவரது கையெழுத்து மிக அழகானது என்பதை நான் மறுக்க மாட்டேன்.

தலைமையாசிரியரின் மருமகன் என்பதால் பள்ளி முழுவதும் அவரை மாப்பிள்ளை சார் என்றே அழைத்தது. அவர் வந்த ஆண்டிலேயே, நான் நெடுங்காலம் நடத்திவந்த உயர்கணிதம் அவருக்குப் போனது. வட்டியும் சதவீதமும் கொண்ட பொதுக்கணிதம் எனக்கு வந்தது. பொதுக்கணிதத்தை நான் இழிவாக எண்ணுபவள் அல்லள். ஆயினும், என் வகுப்பை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துக்கொண்டது என் தொண்டையில் முள்ளாகவே நின்றது. அதைத் திரும்பப் பெறவேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணமே இல்லை.

ஆசிரியர் அறையில் அவரைத் தனியாக அழைத்தே சொன்னேன். "சார், தப்பா நெனைக்காதீங்க. அந்தப் பெருக்கல் விதியில ஒரு சின்ன பிசகு…"

அவர் எல்லோருக்கும் கேட்கும்படி சிரித்தார். "டீச்சர், உங்க லாபம் நஷ்டமெல்லாம் எப்படிப் போகுது? அதப் பாருங்க. பெரிய கணக்க நாங்க பாத்துக்கறோம்."

இயற்பியல் ஆசிரியர் தேநீர்க் கோப்பைக்குள் சிரித்ததை நான் பார்த்தேன்.

தலைமையாசிரியரிடம் சென்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சின்ன வயசும்மா, போகப்போகச் சரியாயிடுவாரு. நீங்க ஒண்ணும் பெருசு பண்ணாதீங்க. அவருக்காக ஜெபம் பண்ணுங்க, போதும்."

அவ்விதமே செய்வதென்று அன்று மாலையே முடிவு செய்தேன்.

உயர்கணித மாணவர்களின் பெற்றோர் கூட்டத்தில் தொடக்க ஜெபம் செய்யும்படி என்னையே கேட்டார்கள். வாயில்லாப்பூச்சி, சுருக்கமாக முடித்துவிடுவாள் என்று எண்ணியிருக்கலாம். அரங்கம் நிறைந்திருந்தது. எல்லோரும் எழுந்து கண்களை மூடித் தலைகுனிந்தார்கள். நான் ஒலிபெருக்கியைச் சற்றே அருகில் இழுத்துக்கொண்டேன். கண்களை மூடவில்லை.

"எங்கள் பரம தகப்பனே, இந்த மாலை வேளைக்காக உமக்கு ஸ்தோத்திரம். உயர்கணிதம் நடத்துகிற எங்கள் அன்புச் சகோதரருக்காக உம்மிடத்தில் கெஞ்சுகிறோம். பெருக்கலை வகையிடும்போது அவர் தடுமாறுவதை நீர் அறிவீர். முதலாவதை அப்படியே வைத்து இரண்டாவதை வகையிடவும், இரண்டாவதை வைத்து முதலாவதை வகையிடவும், பின்பு இரண்டையும் கூட்டவும் அவருக்குக் கற்றுத்தாரும். தவறாக எழுதிக்கொண்ட பிள்ளைகள்மேல் இரக்கமாயிரும். நீர் மன்னிக்கிறவர், பொதுத்தேர்வில் விடைத்தாள் திருத்துகிறவர்களோ மன்னிப்பதில்லை, ஆண்டவரே."

ஜெபத்தை யாரும் இடைமறிப்பதில்லை. மாப்பிள்ளை சாரின் காதுமடல்கள் சிவப்பதை நான் ஆற அமரப் பார்த்தேன். இயற்பியல் ஆசிரியரின் தோள்கள் குலுங்கின. இம்முறை கோப்பை இல்லை. அத்தனை இனிமையான ஓர் உணர்வை அதுவரை நான் அறிந்ததில்லை என்பதைப் பணிவுடன் சொல்லிக்கொள்கிறேன். "ஆமென்" என்றேன். அரங்கமே "ஆமென்" என்றது. பின்வரிசையில் ஒரு தகப்பனார் அதை இரண்டு முறை சொன்னார்.

யாரும் உட்காருவதற்குள் தலைமையாசிரியர் ஒலிபெருக்கியைப் பற்றிக்கொண்டார். "அப்படியே நில்லுங்க. இன்னும் ஒரு நிமிஷம் ஜெபிப்போம்."

கண்கள் மீண்டும் மூடின.

"கர்த்தாவே, எங்கள் சகோதரியின் உள்ளத்திலிருக்கிற கசப்பை எடுத்துப்போடும். இத்தனை வருஷம் உழைத்த அவர்களுக்கு ஓய்வு தேவையென்றால், அந்த ஓய்வைச் சீக்கிரமாய்க் கட்டளையிடும்."

அவர் 'ஆமென்' என்றதும் இந்த அரங்கம் முழுவதும் என் வேலைநீக்கத்துக்கும் 'ஆமென்' சொல்லும். முறைப்படி நானும் சொல்லியாக வேண்டும்.

அப்போதுதான் மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். குனிந்த தலைகளுக்கு நடுவே ஒரு தாய் நிமிர்ந்து நின்றிருந்தார். கண்களைத் திறந்தபடி, வகுப்பில் சந்தேகம் கேட்கும் மாணவியைப் போல வலது கையை நேராக உயர்த்தியிருந்தார். இடது கையில் மகளின் உயர்கணித நோட்டு விரிந்திருந்தது. அவரது மகள் கையை இறக்கும்படி முந்தானையை இழுத்தாள், கை இறங்கவில்லை. மாப்பிள்ளை சாரும் அதைப் பார்த்துவிட்டார். மாமனாரின் சட்டைக் கையைத் தொடப்போன அவரது விரல்கள் பாதி வழியிலேயே நின்றன.

தலைமையாசிரியர் கண்களை இறுக மூடியபடி நோயாளிகளுக்காகவும், வழிப்பயணிகளுக்காகவும், ஒழுகும் ஆய்வகக் கூரைக்காகவும் ஜெபித்துக்கொண்டே போனார். இன்னொரு கை உயர்ந்தது.