கண்காட்சி வாசலில் கறுப்பு நாடா

கொதித்துக் கொதித்து வற்றிய காப்பியில் எவுஸ்தோலியா மறுபடியும் தண்ணீர் ஊற்றினாள். குடிக்க ஒருவரும் வந்தபாடில்லை.

காலையில் இறந்த அப்பா நசாரியோ முன்னறையில் பெட்டிக்குள் படுத்திருந்தார். முகத்துக்கு நேரே கண்ணாடி, சுற்றிலும் மெழுகுவத்தி. இரவல் வாங்கிய நாற்காலிகள் அடுக்கியது அடுக்கியபடி இருந்தன. ஆயுசெல்லாம் டவுன் பஸ் ஓட்டி, இந்தத் தெருக்காரர்கள் கை காட்டிய இடத்திலெல்லாம் நிறுத்தியவர். அவருக்கு ஜெபமாலை சொல்ல ஒரு ஆளில்லை. அது சொல்லாமல் பிணத்தை எடுக்கிற வழக்கம் ஒஹாக்கா நகரத்தில் எந்தத் தெருவிலும் கிடையாது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

தம்பி லெயோபார்தோ மத்தியானமே போய்விட்டான். தெருமுனைக் கட்டடத்தில் அவனுடைய ஓவியக் கண்காட்சி திறப்பு. தலைநகரத்திலிருந்து ஆட்கள் வந்திறங்கியிருந்தார்கள். "சும்மா தலையக் காட்டிட்டு ஓடி வந்துடறேன்க்கா" என்று, போட்டிருந்த கறுப்புச் சட்டையோடு கிளம்பினான். கறுப்புச் சட்டை அவனுக்குத் துக்கத்துக்கும் தொழிலுக்கும் பொது.

கண்காட்சியின் பெயர் 'இருளின் எலும்புகள்'. எல்லாப் படத்திலும் அப்பாதான். விலாவுக்குள் காக்கை கூடு கட்டிய அப்பா, தன் தலையையே விளக்காகப் பிடித்த அப்பா. எதிலும் கண் கிடையாது, குழிதான். முதல் படத்தைக் காட்டியபோது அப்பா கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான்டா இருக்கு. கண்ணில்லாம பஸ்ஸ எப்படி ஓட்டுறது?" என்றார்.

"அது குறியீடுப்பா."

"அப்பச் சரி" என்று அடுத்த படத்துக்கும் அசையாமல் உட்கார்ந்து கொடுத்தார்.

இனிக் காத்திருந்து ஆகாது. பிணத்தைத் தனியாக விடக் கூடாதுதான். "இதோ வந்துடறேன்பா" என்று பெட்டியிடம் சொல்லிவிட்டு எவுஸ்தோலியா தெருவில் இறங்கினாள்.

தெருமுனை வாசலைப் பார்த்ததுமே விஷயம் விளங்கிவிட்டது. சாவு வீட்டு நிலையில் கட்டுகிற கறுப்பு நாடா. அவள் தன் கதவில் கைக்குட்டை அளவுக்குக் கட்டியிருந்தாள். இங்கே அலங்காரம் என்று கதவகலத்துக்குப் பட்டில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பக்கத்திலேயே அப்பாவின் ஆளுயரப் படம்.

உள்ளே தெருவே முழந்தாளிட்டிருந்தது. படுத்திருக்கும் அப்பா படத்துக்குக் கீழே வெள்ளைப் பூக்கள், துக்க வீட்டுக்கென்று கொண்டுவந்த சர்க்கரைப் பொட்டலங்கள், ரொட்டிக் கூடை. சாவுக்கெல்லாம் ஜெபம் நடத்தும் சோனா அத்தை மணி உருட்டிக்கொண்டிருந்தாள். தலைநகரத்து விருந்தாளிகள் மெஸ்கால் சாராயக் கோப்பையும் கையுமாக மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன ஒரு நிகழ்த்துகலை! பார்வையாளனே இங்க படைப்பா மாறிடறான், கவனிச்சீங்களா?" என்றார் கழுத்தில் துண்டு சுற்றிய விமர்சகர். யாரோ கைதட்டினார்கள். பக்கத்தில் நின்ற லெயோபார்தோ, இல்லை என்று சொல்லவில்லை.

"அத்தை, இங்க என்ன பண்றீங்க?"

"உங்கப்பனுக்குத்தான்டி. பையன் பெரிய ஆளு, வீட்டுலயா வைப்பான், ஹால் புடிச்சிருக்கான்னு நெனச்சோம். பெட்டி வரக் காணோம். சரின்னு படத்த வச்சு ஆரம்பிச்சுட்டோம்." அத்தை நிமிர்ந்து பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "கண்ண ஆஸ்பத்திரியிலயா எடுத்துட்டாங்க?"

"அப்பா வீட்டுல தனியா இருக்காரு, அத்தை."

"தனியாவா!" அத்தை எழுந்த வேகத்தில் முழங்கால் சொடுக்கியது. "ஏன்டா லெயோ, பெத்தவன ஒத்தையில போட்டுட்டு இங்க யாருக்குடா சாராயம் ஊத்துற?"



தெரு எழுந்தது. எரிகிற மெழுகுவத்திகளை அப்படியே எடுத்துக்கொண்டார்கள், சர்க்கரையையும் ரொட்டியையும் விடவில்லை. "அடடா, ஊர்வலம் வேறயா!" என்று விமர்சகரும் பின்னாலேயே வந்தார். முன்னறையில் பெட்டியைக் கண்டதும் கோப்பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். எவுஸ்தோலியா அதை வாங்கிக்கொண்டு, கையில் காப்பியைக் கொடுத்தாள். "உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தார்.

ஜெபமாலை முதல் மணியிலிருந்து மறுபடி தொடங்கியது. லெயோபார்தோ எல்லோருக்கும் பின்னால் வந்து தலைமாட்டில் நின்றான். கண்ணாடிமேல், அப்பாவின் நெற்றிக்கு நேராக, ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. விரட்டினான். திரும்ப வந்தது. திரும்ப விரட்டினான். பிறகு அது வாசல் வழியாகப் போய்விட்டதை எவுஸ்தோலியா பார்த்தாள்.

அவன் கை மட்டும் கண்ணாடிக்கு மேலே மெல்ல வீசிக்கொண்டேயிருந்தது.